ஓவியத்தின் பின்புறம் இருந்த எண்

பரணில் கிடக்கும் பழைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று மதிப்புடையதா என்பதை எவ்வாறு அறிவது? பலரும் முதலில் ஓவியரின் கையொப்பத்தையே தேடுவர். அது மட்டும் போதாது என்பதை விளக்க, வரலாற்று வகுப்பில் நான் எடுத்துக்கூறுவது வின்சென்ட் வான் கோவின் 'மோன்மஜூரில் சூரிய மறைவு' என்னும் ஓவியத்தின் கதை.

நார்வே நாட்டுத் தொழிலதிபர் கிறிஸ்டியன் முஸ்டாட் இதனை 1908-இல் வாங்கினார். போலி என்று கூறப்படவே, பரணில் போட்டுவிட்டார். 1991-இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான் கோ அருங்காட்சியகமும், கையொப்பம் இல்லாத இவ்வோவியத்தை ஏற்க மறுத்தது.

பின்னர் அதே அருங்காட்சியகம் இதனை ஈராண்டுகள் மீண்டும் ஆராய்ந்தது. வண்ணப் பொருள்கள், வான் கோ ஆர்ல் நகரில் பயன்படுத்தியவற்றோடு ஒத்திருந்தன. 1888 ஜூலை 5-ஆம் நாள் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், முந்தைய நாள் மாலை தாம் கண்ட இதே காட்சியை அவர் விவரித்திருந்தார். ஓவியத்தின் பின்புறம் 180 என்ற எண் இருந்தது. தியோவின் ஓவியத் தொகுப்புக்கு 1890-இல் எழுதப்பட்ட பட்டியலிலும் அந்த எண் காணப்பட்டது. 2013 செப்டம்பரில், இது வான் கோ வரைந்ததே என்று அருங்காட்சியகம் அறிவித்தது.

பெற்றோர்களே, வீட்டிலுள்ள பழைய ஓவியத்தைத் துடைத்துப் புதுச்சட்டம் போடுமுன் அதன் பின்புறத்தைப் பாருங்கள். அங்குள்ள எண்ணையும் ஒட்டுத்தாளையும் அழித்துவிடாதீர்கள். பழைய ரசீதையும் கடிதத்தையும் காத்து வையுங்கள். ஆசிரியர்களே, சான்று கிடைத்ததும் ஓர் அருங்காட்சியகம் தன் முடிவையே திருத்திக்கொண்டதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.