விழிஞக் கடற்கரை: காற்றும் கல்லும் கூறும் வரலாறு

மலையில் பிறந்த நெய்யாறு கடலோடு கலக்கும் இடம் பூவாறு. செங்கலிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை நாளில் எளிதிற் சென்று மீளத்தக்க அமைதியான கடற்கரை அது. கட்டுச்சோறு உண்டு, பொழிமுகத்து மணலில் பிள்ளைகளை விளையாடவிட்டு, மாலையில் வீடு திரும்புவோர் பலர். கரையை ஒட்டி வடமேற்கே இன்னும் சிறிது தொலைவு செல்வோமாயின் விழிஞம் வரும். பாண்டியரும் சோழரும் போரிட்டுப் பெற விரும்பிய அத்துறையைக் காணாது திரும்புதல் நமக்குத் தகுமோ?

விழிஞத்துக்கு ஏற்றம் தந்தவை இரண்டு. ஒன்று நிலத்தின் அமைப்பு. மற்றொன்று காற்றின் போக்கு. பாறை முனைகள் அரணாக நிற்க, கரைக்கு அருகிலேயே கடல் ஏறக்குறைய 20 மீட்டர் ஆழம் உடையது. தென்மேற்குப் பருவக்காற்றைத் துணைக்கொண்டு செங்கடல் வழியே வந்த மரக்கலங்கள் மிளகு முதலிய பொருள்களை ஏற்றி, வடகிழக்குக் காற்றில் மீண்டன. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘பெரிப்ளூசு’ என்னும் கிரேக்க நூல் குறிக்கும் ‘பலிதா’ என்ற துறை விழிஞமே என்று அறிஞர் சிலர் கருதுவர்.

அன்று வணிகத்தை வளர்த்த காற்று இன்று விளையாட்டுக்கும் உதவுகிறது. வர்க்கலையில் கடற்காற்று செங்குத்தான குன்றில் மோதி மேலெழும். அவ்வேகத்தில் துணிச்சிறகு விரித்து மனிதர் பறக்கின்றனர். கோவளத்தில் இளைஞர் பலகை மீது நின்று அலைமேற் சறுக்குகின்றனர். எனினும் காற்றின் குறிப்பறிந்து கட்டுமரம் செலுத்தும் நம் மீனவர்க்கு இக்கலை புதிதன்று. சூன் முதல் செப்டம்பர் வரை கடல் சீற்றம் மிகுதி. குடும்பத்தோடு செல்வோர்க்குத் திசம்பரும் சனவரியும் ஏற்ற மாதங்கள்.

இனி வரலாற்றைக் காண்போம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரன் பொதியமலைத் தலைவன். ஆய் மரபின் பிற்கால மன்னர்க்கு விழிஞம் தலைநகராயிற்று. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் இதனை வென்றான். கடலும் மதிலும் காத்த அதன் கோட்டையைச் சீவரமங்கலச் செப்பேடு புகழ்ந்துரைக்கிறது. பின்னர் இராசராச சோழன் காலத்துப் படை விழிஞத்தைக் கைக்கொண்டதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். முதற் குலோத்துங்கனின் வெற்றிகளுள் விழிஞத்தையும் கலிங்கத்துப் பரணி சேர்த்துரைக்கிறது. வென்றவர்தம் செப்பேடுகளே தோற்ற நகரின் பெருமைக்குச் சான்று பகர்தல் வியப்பன்றோ!

அக்கோட்டையின் எச்சங்கள் இன்று சிலவே. ஆயினும் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த குடைவரை ஒன்று எஞ்சி நிற்கிறது. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிப்புறத்தில் ஒருபால் திரிபுராந்தகர், மறுபால் உமையோடு ஆடும் இறைவன். வெளிப்புற உருவங்கள் இரண்டும் முற்றுப்பெறவில்லை. உளி நின்ற இடம் இன்றும் தெரிகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இச்சிறு கோயிலைக் காண அரைமணி நேரம் போதும்.

ஆய் நாட்டின் மற்றொரு பெருஞ்செல்வம் எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்து முஞ்சிறைக்கு அருகில் உள்ள பார்த்திவபுரம். கி.பி. 866-ஐ ஒட்டிக் கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன் அங்கே கோயில் எடுத்து, 95 மாணவர் தங்கிப் பயிலும் சாலையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலை அதற்கு முன்மாதிரி. மாணவன் இலக்கணம் அறிந்தவனாகவும், மூன்று அரசுகளின் வழக்காற்றை உணர்ந்தவனாகவும் இருத்தல் வேண்டும் என்று அவனது செப்பேடு விதிக்கிறது. படைக்கலம் ஏந்திச் சபையுட் புகுதலையும் அது தடுக்கிறது. போர் ஓயாத கடற்கரையில் ஒரு மன்னன் கல்விக்கு வகுத்த ஒழுங்கு இது! வட்டெழுத்தில் தமிழாக அமைந்த இச்செப்பேட்டைக் கோபிநாதராயர் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. ஆகவே ஆய் மன்னரின் தலைநகர் ஒரு மாநிலத்திலும் சாலை மற்றொரு மாநிலத்திலும் நிற்கின்றன. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரிக்கும். வரலாற்றைப் பிரிக்க வல்லதன்று. இருபுறமும் உறவுகொண்டு வாழும் நாம், இருபுறத்துச் சின்னங்களுக்கும் உரியவர் ஆவோம். அண்டை வீட்டு மலையாள அன்பர்க்கும் இவ்வுரிமை உண்டு.

2025 மே 2ஆம் நாள் விழிஞத்துப் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. பழைய ஆழமே பெருங்கப்பல்களை மீண்டும் அழைத்திருக்கிறது. கப்பலைக் காணக் கூட்டம் கூடும். குடைவரையைக் காண்போர் சிலரே. நம் பிள்ளைகளுட் பலர் பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்புப் பெறாதவர். நூல் கற்பிக்க இயலாததைச் சில வேளை ஒரு கல் கற்பிக்கும். அடுத்த விடுமுறையில் காலையில் பார்த்திவபுரமும், நண்பகலில் விழிஞக் குடைவரையும், மாலையில் பூவாற்று மணலுமாக அவர்களை அழைத்துச் செல்வோம். அங்கு வாழ்ந்தோர் யாவர் என்று அவர்கள் வினவுவர். விடை கூற நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.