பூட்டிய டிஎன்ஏ-வை திறப்பது யார்? ஈஸ்ட் சொல்லும் ரகசியம்!

பிரெட் மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட், குளுக்கோஸ் தீர்ந்துட்டா நாம டீயில் போடும் சர்க்கரையை உடைத்துச் சாப்பிடும். அதற்கான என்சைமை உருவாக்குவது எஸ்யூசி2 என்ற மரபணு. ஆனா ஒரு சிக்கல். நூல்கண்டில் சுற்றிய நூல் மாதிரி, டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்கள் மேல் இறுக்கமா சுற்றியிருக்கும். ஒரு கண்டுக்கு சுமார் 147 எழுத்து ஜோடிகள். இதனால் மரபணுவைப் படிக்கும் புரதங்கள் உள்ளே நுழைய முடியாது.

இங்கதான் 'ஸ்விட்ச்-ஸ்னிஃப்' என்ற புரதக் கூட்டணி களமிறங்குது. ஏடிபி ஆற்றலைச் செலவழித்து, ஹிஸ்டோன் உருண்டைகளை நகர்த்தும் அல்லது கழற்றிவிடும். வழி திறந்ததும் மரபணு 'ஆன்' ஆகும். கூட்டணி பழுதானால், சர்க்கரை பக்கத்திலேயே இருந்தாலும் ஈஸ்ட் வளரத் திணறும்.

இது ஈஸ்ட் கதை மட்டுமல்ல. நம்ம செல்களிலும் இதே போன்ற கூட்டணி உண்டு. மனிதப் புற்றுநோய்களில் சுமார் 20 சதவீதத்தில் அதன் மரபணுக்களில் மாற்றங்கள் காணப்படுகின்றன.