எழும்பூரில் போட்ட துளை

ராத்திரி ஒன்பதானால் அப்பாவுக்குச் சொட்டு மருந்து விடுவது என் வேலை. கிளாக்கோமா. காபி டம்ளரை அடிக்கடி தட்டிவிட்ட பிறகுதான் பக்கப் பார்வை போனதே தெரிந்தது. துளி வலி இல்லை. அவருக்கு இருப்பது திறந்த கோண வகை: கண்ணுக்குள் ஊறும் நீர் வடியவேண்டிய சல்லடை மெல்ல அடைபட்டு, அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசிகிறது. மூடிய கோண வகையின் திடீர்த் தாக்குதல் வேறு மாதிரி. தலைவலி, வாந்தி, சிவந்த கண் என்று வீட்டையே எழுப்பிவிடும்.

அந்த வகைக்கு 1857இல் பெர்லினில் கண் மருத்துவர் ஃபான் கிரேஃபே வழி கண்டார்: ஐரிஸில் ஒரு துண்டை வெட்டியெடுத்தார். ஓசைப்படாமல் வருகிற வகைக்கு அது அவ்வளவாக எடுபடவில்லை.

அதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் நம் எழும்பூர்க்காரர். 1819இல் தொடங்கிய மெட்ராஸ் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் ட்ரெஃபைன் என்ற உருளைக் கத்தியால் வட்டத் துளை போட்டார். நீர் மேல்சவ்வுக்கு அடியில் கசிந்தது, அழுத்தம் இறங்கியது. வெளிநாட்டு மருத்துவர்களும் இதைக் கைக்கொண்டார்கள். (ஓய்வுக்குப் பின் இதே மனிதர் லண்டனில், இந்தியக் கயிற்று வித்தையைச் செய்து காட்டினால் 500 கினி என்று பந்தயம் கட்டினார்!)

மூடியில்லாத துளை வழியே சில கண்களில் பின்னாளில் கிருமி புகுந்தது. 1968இல் கேம்பிரிட்ஜ் கண் மருத்துவர் கெய்ர்ன்ஸ், துளைக்கு மேல் வெள்ளைவிழியிலேயே ஒரு மடிப்பு வைத்தார்.

அப்பாவின் இடது கண்ணில் இருப்பது அந்த மடிப்புதான். சொட்டு மருந்து வலதுக்கு மட்டும்.