நீலத்தின் மேல் நீலம்

நெப்போலியன் காலத்து பிரெஞ்சு வீரர்களின் வண்ணப் படங்களைப் பார்த்தால் என் கண் முதலில் கால்சட்டைக்குத்தான் போகும். நீலக் கோட்டு, வெள்ளை மார்மடிப்பு, வெள்ளைக் கால்சட்டை என்றால் அவன் வரிசைக் காலாட்படைக்காரன். எல்லாமே நீலம் என்றால் இலகு காலாட்படை. மார்மடிப்பின் கீழ்முனை கூராக முடியும். பொத்தான் பித்தளை இல்லை, வெள்ளை உலோகம். செருப்புக்கு மேல் மாட்டும் கெய்ட்டர்கூட ஹுஸார் குதிரைவீரனின் பூட்ஸ் மாதிரி வெட்டப்பட்டு, முன்னால் குஞ்சம் தொங்கும்.

இதெல்லாம் ஒரு விஷயமான்னு கேட்கலாம். விஷயம்தான். பரவி நின்று சுட்டு எதிரியைச் சீண்டுவது இலகுப் படையின் வேலை. ஆனால் பேரரசுக் காலத்தில் வரிசைப் படையும் அதைச் செய்தது. இலகுப் படையும் தோளோடு தோள் நின்று சண்டை போட்டது. இரண்டுக்கும் 1791ஆம் ஆண்டின் அதே பயிற்சி விதிகள். வேலையில் இருந்த வித்தியாசம் தேய்ந்தது, உடுப்பில் தேயவில்லை. மரெங்கோவில் (1800) ‘ஒப்பற்றது’ என்று பேர் வாங்கிய 9ஆவது இலகுப் படைப்பிரிவு போன்றவற்றுக்கு அந்த நீலம்தான் கௌரவம்.

உள்ளேயும் மேல் கீழ் உண்டு. திடகாத்திரமான ஆட்கள் காராபினியே: கரடித்தோல் தொப்பி, சிவப்பு இறகு, தோளில் சிவப்புக் குஞ்சம். பெரும்பான்மையினர் சாதாரண ஷாஸர்கள். அப்போ குட்டையானவன் என்ன செய்வான்? அவனுக்காக 1804 மார்ச்சில் வோல்த்திஷர் கம்பெனிகள் வந்தன. உயரம் சுமார் 160 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பேருக்கு ‘தாவுகிறவன்’ என்று அர்த்தம். குதிரைவீரனுக்குப் பின்னால் தாவி ஏறிப் போகணும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. மஞ்சள் காலரும், முரசுக்குப் பதிலாகக் கொடுத்த ஊதுகொம்பும் நிலைத்தன. உயரம் போதாதுன்னு கழிக்கப்பட்டவன் ஒரே ஆணையில் தேர்ந்தெடுக்கப்பட்டவன் ஆனான்.

இந்த நீலத்துக்கு விலை இருந்தது. சாயம் அவுரியிலிருந்து வந்தது. கடல் பிரிட்டிஷ் கப்பற்படை கையில். அவுரி விளைந்த செயின்ட் டொமிங்க் 1804இல் ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடாகிவிட்டது. 1806இல் நெப்போலியன் வரிசைப் படையை வெள்ளைக்கு மாறச் சொன்னார். சில படைப்பிரிவுகள் மாறின. 1807இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஐலாவ் பனியில் வெள்ளைத் துணியில் தெரிந்த ரத்தமே காரணம் என்று சொல்வார்கள். அது முழு உண்மையோ இல்லையோ, எனக்கு அந்தக் கதை உறுத்துகிறது. நீலக் கோட்டுக்காரன் சிந்தியதும் அதே அளவு ரத்தம்தான். துணி அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

1812 விதிகள் கோட்டைக் குட்டையாக்கி, மார்மடிப்பை இடுப்புவரை மூடின. போர்க்களத்தில் எந்த விதியும் முழுசாகச் செல்லவில்லை. நடந்து தேய்ந்த துணிக்குப் பதில் கிடைத்ததைத்தான் போட்டுக்கொண்டார்கள். இருந்தும் அந்த மஞ்சள் காலரை யாரும் லேசில் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு சாண் மஞ்சள் துணியைக் கொடுத்து ஒருவன் உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல முடிந்தது. பேரரசின் கணக்கில் அதைவிட மலிவான செலவு இருந்திருக்காது.