மன்றோ துரை எப்போ மலை ஏறினார்?

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நின்னு வடக்கே பார்த்தா, வெயில் இல்லாத காலையில் சேர்வராயன் மலை பக்கத்து வீட்டு மதில் மாதிரி தெரியும். இத்தனை வருஷம் இங்கேயே இருந்தும் உச்சிக்கு நடந்து போனதே இல்லை. பஸ்ஸில் போய் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்னுட்டு இறங்கினதுதான் அதிகம். இந்த வருஷம் எப்படியாவது நடக்கணும்னு அப்பாவும் அண்ணன் பையனும் நானும் முடிவு பண்ணினோம். அப்பாவுக்கு 71. முட்டி இன்னும் ஒத்துழைக்குது, அடுத்த வருஷம் எப்படியோன்னு அவரே சொன்னதுதான் அவசரத்துக்குக் காரணம்.

பையன் எட்டாவது படிக்கிறான். வழியில் வரலாறு சொல்ற பொறுப்பு என்னுது. "1842-ல சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடிச்சார்"னு ஆரம்பிச்சேன். சுற்றுலாக் கையேட்டிலிருந்து இணையம் வரைக்கும் எல்லா இடத்திலும் இருக்கற வாக்கியம். வருஷக்கணக்கா நானும் விருந்தாளிகளிடம் இதைத்தான் ஒப்பிச்சுக்கிட்டு இருந்தேன். பையன் கேட்டான்: "சித்தப்பா, மெட்ராஸ்ல குதிரை மேல உக்காந்திருக்கற மன்றோதானே? அவர் எப்ப செத்தார்?"

தேடிப் பார்த்தேன். மானம் போச்சு :-)

மன்றோ 1827 ஜூலை 6-ம் தேதி பத்திக்கொண்டாவில் காலராவில் இறந்துட்டார். சென்னையில் அந்தக் குதிரைச் சிலையை வச்சதே 1839-ல். அதாவது கையேட்டின் கணக்குப்படி, தனக்குச் சிலை வச்சு மூணு வருஷம் கழிச்சு துரை எழுந்து வந்து ஏற்காட்டைக் கண்டுபிடிச்சிருக்கார்!

அப்போ மன்றோவுக்கும் சேலத்துக்கும் சம்பந்தமே இல்லையான்னா, நிறைய இருக்கு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். அதை நிர்வாகம் பண்ண வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களில் ஒருத்தர்தான் மன்றோ. 1799 வரைக்கும் இந்தப் பகுதியில் ஊர் ஊராப் போய் நிலம் அளந்து வரி போட்டவர். பிற்பாடு ரயத்துவாரின்னு பேர் வாங்கின முறைக்கு வித்து விழுந்தது இந்த மண்ணில்தான். மலையை அண்ணாந்து பார்க்காமலா இருந்திருப்பார்? ஆனா அது 1790-கள். 1842 இல்லை.

அதே கையேட்டில் நாலு வரி தள்ளி இன்னொரு பேர் வரும். எம்.டி.காக்பர்ன், 1820-லிருந்து 1829 வரை சேலம் கலெக்டர். ஏற்காட்டுக்குக் காப்பியையும் பேரி மாதிரியான பழ மரங்களையும் கொண்டுவந்தவர். இவரோட கிரேஞ்ச் எஸ்டேட் பேர் இன்னிக்கும் நிலைச்சிருக்கு. கலெக்டர் காப்பி நட்டு பல வருஷம் கழிச்சு கவர்னர் (அதுவும் இறந்துபோன கவர்னர்) வந்து மலையைக் கண்டுபிடிச்சாராம். இதை அச்சடிச்சவங்க ஒரு தடவை படிச்சுப் பார்க்க மாட்டாங்களா?

என்னை உறுத்தினது வருஷம்கூட இல்லைங்க. "கண்டுபிடிச்சார்"ங்கற வார்த்தைதான். மலையில் அப்பவே ஆள் இருந்தாங்களே. மலையாளிகள், அதாவது மலையை ஆள்றவங்க. கேரளாவோட குழப்பிக்க வேண்டாம், பேசறது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் கிளம்பி வந்து மூணு மலையில் குடியேறினதா அவங்க வழிவழியாச் சொல்ற கதை. கொல்லிமலை, பச்சைமலை, இந்தச் சேர்வராயன்.

அதுக்கும் முன்னாடி போகலாம். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடாரியைக் கண்டெடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனுஷன் இருந்தான்னு காட்டின ராபர்ட் புரூஸ் பூட், ஓய்வுக்கப்புறம் ஏற்காட்டில்தான் வீடு போட்டார். இந்த மலைக் கிராமங்களில் வழவழன்னு தேய்ச்ச புதிய கற்காலக் கோடாரிகளை ஜனங்க சாமிக் கல்லா வச்சுக் கும்பிட்டதை அவர் எழுதி வச்சிருக்கார். ஆயிரக்கணக்கான வருஷத்துக் கைவேலை, பிள்ளையார் பக்கத்தில்! பூட்டோட மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைக் கூட வச்சுக்கிட்டு பைபிள் மொழிபெயர்த்தவர், 6000-க்கும் மேல் தமிழ்ப் பழமொழி தொகுத்தவர். அவர் 1882-ல் ஏற்காட்டில்தான் கண்ணை மூடினார். பூட்டோட நினைவிடம் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கு. அங்கேதான் எங்க நடை ஆரம்பிக்கப் போகுது.

சரி, திட்டத்துக்கு வருவோம். அடிவாரத்திலிருந்தே ஏறலாம்னு பையன் குதிச்சான். கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம் பழைய ஒத்தையடிப் பாதை இருக்கு. ஆனா சேலம் சுமார் 900 அடி, சேர்வராயன் உச்சி 5,326 அடி. அப்பாவோட முட்டிக்கு அது நியாயமில்லை. தவிர, காட்டுக்குள்ளே வனத்துறை அனுமதி இல்லாம நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் போனதை மறக்க முடியுமா? நாங்க போறதும் காய்ஞ்ச மாசம்.

அதனால அஸ்தம்பட்டியில் முதல் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, ஏரிக்கரையில் இறங்கி தேவாலயம். அங்கிருந்து சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டம் ஓரமா ஐந்தாறு கிலோமீட்டர் ரோட்டு வழியாவே நடை. காட்டுமாடு நின்னா நாமதான் ஒதுங்கணும். உச்சி கூம்பா இருக்காது, மேஜை மாதிரி தட்டை. மேலே பாக்சைட் படிஞ்ச மலை. இந்த மலைத்தொடரில் வெட்டின மண்ணுதான் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போச்சு. அங்கே குகைக்குள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குனிஞ்சுதான் போகணும். குகைக்குள் வழி காவேரி வரைக்கும் போகுதுன்னு நம்பிக்கை. மே மாசத் திருவிழாவுக்கு சுத்துப்பட்டு மலைக் கிராமமே கூடும்.

அப்பாவின் அம்மா அந்தத் திருவிழாவுக்கு அடிவாரத்திலிருந்து நடந்தே போனாங்களாம், இடுப்பில் அப்பாவோட. "எனக்கு ஞாபகமில்ல, ஆனா நானும் ஏறியிருக்கேன்ல"ன்னார் அப்பா. பையன் நோட்டில் "1842, மன்றோ"வை அடிச்சுட்டு, கீழே எங்க பாட்டி பேரை எழுதினான். வருஷம் கேட்டான். அப்பா பிறந்த வருஷத்தோட ஒண்ணு கூட்டிச் சொன்னேன்.

தண்ணி மூணு பாட்டில், புளிச்சோறு, அப்பாவுக்கு முட்டிப்பட்டை. ஞாயித்துக்கிழமை கிளம்பறோம்.