செர்னோபில் விபத்தும் குழந்தைகளின் தைராய்டு புற்றுநோயும்: ஐயமும் ஏற்பும்

முன்னுரை

குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் அரிதாகவே காணப்படும். 1986 ஏப்ரல் 26 அன்று சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்துக்குப் பின், பெலாரஸில் இந்நோய் பெருகியது. அப்பெருக்கம் முதலில் ஐயுறப்பட்டுப் பின்னர் ஏற்கப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாலின் வழி வந்த கதிரியக்கம்

தைராய்டு சுரப்பி இயல்பான அயோடினையும் கதிரியக்க அயோடினையும் பிரித்தறிவதில்லை. உலையிலிருந்து வெளியேறிய அயோடின்-131 புல்வெளிகளில் படிந்து, பசுவின் பால் வழியே குழந்தைகளைச் சென்றடைந்தது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ எட்டு நாள்களே. எனினும் குழந்தைகளின் சுரப்பி சிறியது. ஆதலால் அவர்கள் ஏற்ற கதிரளவு பெரியோரினும் மிகுதி. உணவில் நிலவிய அயோடின் குறைபாடு இதனை மேலும் கூட்டியது. அண்டை நாடான போலந்தோ சில நாள்களுக்குள் சுமார் ஒரு கோடிக் குழந்தைகளுக்குக் கதிரியக்கமற்ற அயோடினை வழங்கியது.

மருத்துவரின் பதிவும் அறிஞரின் ஐயமும்

1992 செப்டம்பரில் கசகோவ், டெமிட்சிக், அஸ்தகோவா ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் சிறு ஆய்வுக்குறிப்பு ஒன்றை வெளியிட்டனர். 1986 முதல் 1989 வரை ஆண்டுக்குச் சராசரியாக நான்காக இருந்த பெலாரஸ் குழந்தை நோயாளர் எண்ணிக்கை, 1991இல் 55ஆக உயர்ந்ததை அது அறிவித்தது. அறிஞர் சிலர் இதனை உடனே ஏற்கவில்லை. கதிர்வீச்சால் புற்றுநோய் தோன்ற இன்னும் நீண்ட காலம் ஆகும் என்பது ஒரு வாதம். பரவலான பரிசோதனையே மறைந்திருந்த கட்டிகளை வெளிக்கொணர்ந்தது என்பது மற்றொன்று.

ஐயத்தைத் தீர்த்த ஒப்பீடு

பெலாரஸின் கோமெல் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று 2001இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 1983 முதல் விபத்து நாள் வரை பிறந்த 9,720 பேரில் 31 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 1987 முதல் 1989 வரை பிறந்த 9,472 பேரில் ஒருவருக்கும் இல்லை. இரு பிரிவினரும் ஒரே முறையில் பரிசோதிக்கப்பட்டமையால், பரிசோதனை மட்டுமே காரணம் என்னும் வாதம் வலுவிழந்தது.

சிகிச்சை

பெரும்பாலானவை பாப்பிலரி வகையின. கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் பரவக்கூடியவை. அறுவையால் சுரப்பி அகற்றப்பட்டது. பரவல் மிகுந்தோருக்கு அயோடின்-131 அளிக்கப்பட்டது. இதற்காகப் பெலாரஸ் குழந்தைகள் பலர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டனர். நோய்க்குக் காரணமான அதே பொருள், உயர்ந்த அளவில், எஞ்சிய புற்றுச் செல்களை அழித்தது. ஐ.நா. அறிவியல் குழுவின் கணக்கின்படி, பாதிக்கப்பட்ட பகுதிகளில் விபத்தின்போது 18 வயது நிரம்பாதிருந்தோரிடையே 2005 வரை 6,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு உள்ளாயினர். இறந்தோர் 15 பேர்.

முடிவுரை

2011இல் நேர்ந்த ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் பரிசோதனை வாதம் மீண்டும் எழுந்தது. அங்குக் குழந்தைகள் ஏற்ற கதிரளவு மிகக் குறைவு. எனவே மிகுதியான நோய்க்கண்டறிதலுக்கு நுண்ணிய பரிசோதனையே காரணமாகலாம் என அதே ஐ.நா. குழு கருதியது. செர்னோபிலில் பொருந்தாத வாதம் ஃபுகுஷிமாவில் பொருந்துகிறது. ஆதலின் 1992இன் ஐயத்தை வெறும் பிடிவாதமென ஒதுக்குதல் தகாது. அதனைத் தீர்த்தவை மருத்துவர் பேணிய பதிவுகளும், கதிரேற்றோரையும் ஏலாதோரையும் அருகருகே நிறுத்திய ஒப்பீடுமே.