உபாத்தியாயருக்கு உபாத்தியாயர் யார்?

பாடசாலை என்பது யாது என்று வினவினால், கட்டிடத்தைச் சுட்டுவோர் சிலர். புத்தகத்தைச் சுட்டுவோர் சிலர். பரீட்சையைச் சுட்டுவோர் மிகப் பலர். இம்மூன்றும் நிறைந்திருந்தும், அவற்றுக்கு உயிரூட்ட வேண்டிய உபாத்தியாயர் தக்க பயிற்சியின்றி நிற்பாராயின், அப்பாடசாலை எண்ணெயில்லாத விளக்கேயாகும். நம் தோட்டத்து மக்களுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பாடசாலை அமைத்தல் வேண்டுமென விதித்தது. கொட்டகை எழுந்தது, கரும்பலகை வந்தது, உபாத்தியாயராக வந்தமர்ந்தவரோ பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுமே. பகலெல்லாம் பெயர்ப்பட்டியல் எழுதிய கை, மாலையில் அரிச்சுவடி கற்பித்தது. சட்டம் பாடசாலையைக் கொடுத்தது. பயிற்சி பெற்ற உபாத்தியாயரைக் கொடுக்கவில்லை.

இக்குறை ஏழைகளின் பாடசாலைகளுக்கு மட்டுமே உரியதென நாம் எண்ணிவிடலாகாது. உலகத்து உத்தியோகஸ்தர் தம் மக்களுக்கென அமைத்த சர்வதேசப் பாடசாலைகளும் நெடுங்காலம் இதே குறையுடன் உழன்றன. அவை அதனை உணர்ந்து, பட்டம் பெற்ற ஆசிரியருக்கும் மேற்பயிற்சி வேண்டுமெனத் துணிந்த வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஜினீவாவில் இட்ட வித்து

முதல் மகாயுத்தம் முடிந்தபின், சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஜினீவா நகரில் நிலைபெற்றன. பல தேசத்து அதிகாரிகள் குடும்பத்துடன் அங்கே குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்கென 1924-ம் ஆண்டில் ஜினீவா சர்வதேசப் பாடசாலை தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவர் அடால்ப் பெரியேர் என்னும் கல்விமான். அவர் ரூஸோ கல்விக் கழகத்தைச் சார்ந்தவர். அக்கழகமோ குழந்தைகளின் மனவியல்பை ஆராய்ந்து, ஆசிரியருக்குப் பயிற்சி தரும் பொருட்டு 1912-ம் ஆண்டில் எதுவார் கிளாபரேத் என்பவரால் நிறுவப்பெற்றது. ஆகவே அந்நகரில் பாடசாலைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே ஆசிரியப் பயிற்சி பிறந்துவிட்டது என்பது நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

1929 முதல் 1949 வரை அப்பாடசாலையின் தலைமையை வகித்தவர் மரி தெரேஸ் மோரெத் என்னும் அம்மையார். ஒரு தேசத்தின் பெருமையை மட்டும் ஓதும் சரித்திரம் பிள்ளைகளைப் பகைமைக்கே ஆயத்தம் செய்யும் என்று கண்ட அவர், உலகனைத்தையும் ஒருங்கே நோக்கும் பூகோளத்தையும் சரித்திரத்தையும் வற்புறுத்தினார். இரு மொழிப் பயிற்சியையும் வேண்டினார். சமாதானத்துக்காகக் கற்பிக்கும் முறை உண்டா என்று ஆராயும் சிறு நூலொன்றை 1948-ம் ஆண்டில் யுனெஸ்கோவுக்காக எழுதினார்.

கொள்கை உயர்ந்ததே; பரீட்சை வந்தபோதோ அது சிதறுண்டது. பிரெஞ்சுப் பிள்ளை தன் நாட்டுப் பரீட்சைக்கும், ஆங்கிலப் பிள்ளை தன் நாட்டுப் பரீட்சைக்கும், ஸ்விஸ் பிள்ளை வேறொன்றுக்கும் தனித்தனியே பயில நேர்ந்தது. ஒரே கூரையின்கீழ் உலக ஒற்றுமை பேசிய வகுப்பு, மேல்வகுப்பை எட்டியதும் தேசவாரியாகப் பிரிந்தது.

மலாயாவை அறிந்த ஒருவர்

இப்பிளவை நீக்க முயன்றவர்கள் ஆசிரியர்களே. 1962-ல் சர்வதேசப் பாடசாலைகளின் சமூகக் கல்வி ஆசிரியர்கள் ஜினீவாவில் கூடி, பொதுவான பாடமும் பொதுவான பரீட்சையும் வேண்டுமென ஆராய்ந்தனர். இம்முயற்சி வளர்ந்து, 1968-ல் இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் என்னும் ஸ்தாபனமாக ஜினீவாவில் நிலைபெற்றது. அதன் முதல் டைரக்டர் ஜெனரல் அலெக் பீட்டர்ஸன்.

இவர் நம் நாட்டுக்குப் புதியவரல்லர். அவசரகாலத்தில், ஜெனரல் டெம்ப்ளர் ஹைகமிஷனராக இருந்தபோது, 1952 முதல் 1954 வரை மலாயா சமஷ்டியின் தகவல் இலாகாவுக்குத் தலைவராயிருந்தவர் இவரே. பிரசாரத் தொழிலை விட்டுக் கல்வித் தொழிலுக்குத் திரும்பிய பீட்டர்ஸன், பின்னர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் கல்வித் துறைக்கு 1973 வரை தலைமை வகித்தார். பட்டதாரிகளை ஆசிரியராக்குவது அத்துறையின் தொழில். மாணவர் இளமையிலேயே கலை, விஞ்ஞானம் என இரு கூறாகப் பிரிந்து ஒன்றையே பற்றிக்கொள்ளும் ஆங்கில முறையை அத்துறை 1960-ல் வெளியிட்ட அறிக்கை கண்டித்தது.

அக்கண்டனத்தின் கனியாகவே புதிய டிப்ளோமா அமைந்தது எனலாம். மாணவர் ஆறு பாடங்கள் பயில வேண்டும். அறிவு என்பது எவ்வாறு பிறக்கின்றது என ஆராயும் ஞானவியல் பயில வேண்டும். தாமே ஆய்ந்து ஒரு நீண்ட கட்டுரை வரைய வேண்டும். ஏட்டுக்குப் புறம்பான தொண்டும் கலையும் பழக வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும் என்னும் பழைய வழக்குக்கு இதில் இடமில்லை.

தவறியதும் திரும்பியதும்

இங்கேதான் இடர் நேர்ந்தது. பாடம் புதிது, பரீட்சை புதிது, கற்பிப்பவரோ பழைய முறையில் பயின்றவர். தாம் ஒருகாலும் ஆராய்ச்சி செய்தறியாத ஆசிரியர், மாணவனின் ஆராய்ச்சிக்கு எங்ஙனம் வழிகாட்டுவார்? ‘இஃது உண்மை’ எனச் சொல்லிப் பழகியவர், ‘இஃது உண்மையென எவ்வாறு அறிந்தோம்?’ என்னும் வினாவுக்கு எங்ஙனம் இடங்கொடுப்பார்? ஆசிரியப் பயிற்சித் துறையின் தலைவரே முதல் தலைவராய் இருந்தும், பல்லாண்டுகள் ஆசிரியருக்குக் கிடைத்தவை சில நாட்கள் நடைபெறும் பயிற்சிக் கூட்டங்களே.

1994-ல் நடுத்தர வகுப்புகளுக்கும், 1997-ல் ஆரம்ப வகுப்புகளுக்கும் திட்டங்கள் விரிந்தன. சிறு குழந்தைகளின் வினாவிலிருந்தே பாடத்தை வளர்க்கும் முறை வந்தபின், சில நாட் பயிற்சி போதாதென்பது வெளிப்படையாயிற்று. அதன்பின், இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில்தான், சர்வகலாசாலைகளின் பட்டமேற்படிப்புடன் இணைந்த ஆசிரியர் சான்றிதழ்களை அந்த ஸ்தாபனம் ஏற்படுத்தியது. முதற்படிச் சான்றிதழ் பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, மதிப்பிடும் முறை ஆகியவற்றை ஆராய்வது. மேற்படிச் சான்றிதழ், ஆசிரியர் தாமே ஓர் ஆராய்ச்சி செய்து முடிப்பதை வேண்டுவது. மாணவனிடம் வேண்டியதை ஆசிரியரிடமும் வேண்டத் துணிந்ததே இதன் சிறப்பு. இங்கிலாந்தின் பாத், ஹாங்காங் கல்விச் சர்வகலாசாலை முதலியன இத்துறையில் பெயர் பெற்றவை.

எனினும் மயக்கம் கூடாது. இச்சான்றிதழ் எந்த நாட்டிலும் ஆசிரியத் தொழிலுக்கு அரசாங்கம் தரும் உரிமைப் பத்திரமாகாது. இங்கிலாந்திலிருந்து அஞ்சல்வழி வரும் ‘சர்வதேச’ பட்டமேற்சான்றிதழ்களும், தம்மளவில், அந்நாட்டு அரசாங்கப் பாடசாலைகளுக்கான ஆசிரியத் தகுதியைத் தருவதில்லை. பெயரின் பகட்டைக் கண்டு, கடன் வாங்கிப் பணங்கட்டிய பின் இதனை அறிந்து வருந்துவதினும், முன்னரே விசாரித்தறிவது நலம். இன்னொன்றும் உண்டு. ஒரே பயிற்சி பெற்று ஒரே வகுப்பில் கற்பித்தும், கடல்கடந்து வந்தவருக்கு ஒரு சம்பளமும் உள்ளூராருக்கு ஒரு சம்பளமும் தரும் வழக்கம் சர்வதேசப் பாடசாலைகள் பலவற்றில் காணப்படுகின்றது. உலக சமத்துவத்தைப் பாடமாக வைத்திருப்போர், அதனைச் சம்பளப் புத்தகத்திலும் எழுதுதல் வேண்டாவோ?

இச்சரித்திரம் நமக்குப் புகட்டுவது யாது? ஜினீவாவின் அதிகாரிகள் பாடத்தையும் பரீட்சையையும் முன்வைத்து, ஆசிரியப் பயிற்சியைப் பின்வைத்தனர். தவற்றை உணர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. பொருளும் செல்வாக்கும் உடையார்க்கே இத்துணைக் காலம் பிடித்ததெனின், பொருளற்ற நம்மவர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். வீட்டு வறுமையை வெல்லப் படிப்பையன்றி வேறு படைக்கலம் இல்லாத பிள்ளைக்குக் கைகுவியாத உபாத்தியாயர் வாய்ப்பின், இழந்த ஆண்டுகளை எவர் மீட்டுத் தருவர்?

ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் பெற்றோரே! உங்கள் பிள்ளையின் பாடசாலைக்குச் செல்லும்போது, கட்டிடம் எத்தனை மாடி என்று கேளாதீர்கள். எங்கள் பிள்ளைக்குக் கற்பிப்பவர் எங்கே கற்றார், இன்னும் கற்கின்றாரா என்று கேளுங்கள். கற்பதை நிறுத்திய உபாத்தியாயர், கற்பிப்பதையும் அன்றே நிறுத்தியவராவார்.